சிலையின் கை எங்கே இருக்கிறது?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு அழைத்துப் போவார்கள். சீட்டு வாங்கியதும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவியும் காதுக்கு ஒரு ஹெட்போனும் தருவார்கள். ஓவியத்தின் பக்கத்தில் ஒரு எண் எழுதியிருக்கும். அந்த எண்ணை அழுத்தினால், வரைந்தவர் யார், எந்த வருஷம், எதற்காக என்று ஒரு குரல் பொறுமையாகச் சொல்லும். ஆடியோ கைடு என்கிறார்கள். ஒலிவழிகாட்டி என்று நாம் சொல்லலாம்.

பேசும் கருவி என்பதால், பார்வை இல்லாதவர்களை மனத்தில் வைத்துத்தான் இதைச் செய்திருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றும். வரலாறு அப்படி இல்லை. இது கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. பார்வை இழந்தவர்களுக்கு உதவும் வகையில் அது பேசக் கற்றுக்கொள்ள முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நீண்ட நேரம் பேசும் இசைத்தட்டு உலகத்தில் காலூன்றியதே பார்வை இழந்தவர்களின் தேவையால்தான். அவர்களிடமிருந்து புறப்பட்ட ஒரு வசதி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வெகு தாமதமாக அவர்களிடமே திரும்பி வந்த கதை இது. நம் வயதுக்காரர்களுக்கு இதில் சொந்த அக்கறையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எடிசன் போட்ட பட்டியல்

தாமஸ் எடிசன் 1877-ல் போனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே, இந்த இயந்திரம் எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் பட்டியல் போட்டார். முதலில் கடிதம் சொல்லி எழுதவைப்பது. இரண்டாவதாக, பார்வையற்றோருக்குத் தானே படித்துக் காட்டும் புத்தகம். பாட்டு, சங்கீதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடந்தது தலைகீழ். சங்கீதம் முந்திக்கொண்டது, புத்தகம் பின்தங்கிவிட்டது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. நம் வீடுகளில் இருந்த பழைய இசைத்தட்டை நினைத்துப் பாருங்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் நாலு நிமிஷம் பாடினால் அதிகம். ஒரு நாவலை அதில் பதிவு செய்தால் தட்டுகளைத் தூக்க ஒரு மாட்டுவண்டி வேண்டியிருக்கும்.

இதற்கு வழி கண்டவர்களில் இருவர் முக்கியமானவர்கள், இருவருமே பார்வை இழந்தவர்கள். அமெரிக்காவில் ராபர்ட் இர்வின். ஐந்து வயதில் பார்வையை இழந்தவர், பார்வையற்றோருக்கான அமெரிக்க நிறுவனத்தைப் பின்னால் தலைமையேற்று நடத்தியவர். இங்கிலாந்தில் இயன் ஃபிரேசர். முதல் உலகப்போரில், 1916-ல் சோம் போர்க்களத்தில் குண்டு பட்டுக் கண்ணை இழந்த ராணுவ அதிகாரி. போரில் பார்வை இழந்து திரும்பிய சிப்பாய்கள் பலருக்குப் பிரெயில் எழுத்து பிடிபடவில்லை. வளர்ந்தபின் கண்ணை இழந்தவர்களின் விரலுக்கு அந்தப் புள்ளிகள் எளிதில் வசப்படுவதில்லை. அவர்களுக்கு வாசிப்பு என்றால் அது காது வழியாகத்தான் வரவேண்டும்.

தட்டின் சுற்றைக் குறைத்து, வரியை நெருக்கினார்கள். 1934-ல் அமெரிக்காவில் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றை ஒட்டிய வேகத்தில் பேசும் புத்தகங்கள் வெளிவந்தன. ஒரு பக்கத்தில் கால் மணி நேரம் கேட்கலாம். 1935 நவம்பரில் இங்கிலாந்தும் தொடங்கியது. முதலில் அனுப்பப்பட்டவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல், இன்னொன்று ஜோசப் கான்ராடின் கடல் கதை. அங்கே தட்டு இன்னும் மெதுவாகச் சுற்றியது. ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு.

நாம் எல்.பி. ரிக்கார்டு என்று சொல்லிப் பெருமையாக வாங்கிய நீண்ட இசைத்தட்டு கடைக்கு வந்து நிலைத்தது 1948-ல். அதற்கு முன்பே பதினான்கு வருஷமாகப் பார்வையற்றோர் வீடுகளில் அதன் அண்ணன் சுற்றிக்கொண்டிருந்தது.

தொட்டுப் பார்க்க விட்ட ஒருவர்

புத்தகம் ஒருபக்கம் இருக்கட்டும், அருங்காட்சியகம் என்ன செய்தது? பெரும்பாலும் 'தொடாதே' என்ற பலகையை மாட்டி வைத்திருந்தது. பார்க்கவும் முடியாது, தொடவும் கூடாது என்றால் ஒரு மனிதர் அங்கே போய் என்ன செய்வார்?

இதற்கு விதிவிலக்காக இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரத்தில் ஒருவர் இருந்தார். ஜான் ஆல்ஃபிரட் சார்ல்டன் டீஸ், அந்த ஊர் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர். 1913-ல் உள்ளூர்ப் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து, பாடம் செய்த விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் கையால் தடவிப் பார்க்க விட்டார். தொட்டு உணர்ந்ததைப் பிள்ளைகள் களிமண்ணில் செய்தும் காட்டினார்கள். பின்னர் பெரியவர்களையும் அழைத்தார். அந்தக் காலத்துப் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு சிறுவன் தன்னைவிடப் பெரிய மிருகத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், அவன் எவ்வளவு தெரிந்துகொண்டிருப்பான் என்று புரியும்.

ஆனால் தொடுவதற்கு எல்லை உண்டு. ஓவியத்தைத் தொட்டால் துணியின் சொரசொரப்புதான் கைக்கு வரும். கோபுரத்தைக் கையால் அளக்க முடியாது. அங்கே வார்த்தை வேண்டும். வார்த்தையைக் காதில் கொண்டுவந்து தரும் கருவியும் வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம், 1952

கருவி வந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் வில்லெம் சாண்ட்பெர்க் இயக்குநராக இருந்த காலம் அது. 1952-ல் டச்சு ஓவியர் வெர்மீரின் பெயரில் உலவும் படங்களில் அசல் எது, போலி எது என்று ஒரு கண்காட்சி. பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் கூட்டம் வரும், ஒவ்வொரு மொழிக்கும் ஆள் வைத்து விளக்க முடியாது. எனவே ஒரு சின்ன வானொலி நிலையத்தையே கட்டடத்துக்குள் அமைத்தார்கள்.

ஏற்பாடு எளிமையானது. பேச்சைக் காந்த நாடாவில் முன்கூட்டியே பதிவு செய்தார்கள். அந்த நாடா ஓடும்போது ஒலி, கூடத்தைச் சுற்றிப் போட்டிருந்த கம்பி வழியாக அலையாகப் பரவும். பார்வையாளர் கையில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி, காதில் ஹெட்போன். கம்பிக்குள்ளே இருக்கும்வரை குரல் கேட்கும். டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய மொழிகளில் பேச்சு தயாராக இருந்தது. ஒரே சங்கடம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சுதான் வரும். ஒரு படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் கூட நிற்க ஆசைப்பட்டால் பேச்சு அடுத்த படத்துக்குப் போய்விடும். அந்தக் காலப் படங்களில், கூட்டமே ஒரே திசையில் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்து டிரில் பீரியட் ஞாபகம் வரும்.

அசலையும் போலியையும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கண்காட்சியில் பிறந்த கருவி என்பதைக் கவனியுங்கள். அதன் பேச்சு முழுக்க, கேட்பவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற அஸ்திவாரத்தின்மேல் எழுப்பப்பட்டது. பின்னால் வந்தவையும் அதே வழியில் போயின. அமெரிக்காவில் 1957-ல் அக்கூஸ்டிகைடு என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஹைட் பார்க்கில் இருக்கும் ரூஸ்வெல்ட்டின் வீட்டை அவர் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் குரலிலேயே சுற்றிக்காட்டிய பதிவு அதன் ஆரம்ப காலத்தது. பெரிய டேப் ரிக்கார்டரைத் தோளில் தொங்கவிட்ட காலம் போய், கேஸட் வந்தது. 1979-ல் வாக்மேன் வந்தபின் கருவி சட்டைப்பைக்கே வந்துவிட்டது. 1987-ல் சான் பிரான்சிஸ்கோவின் அல்காட்ராஸ் சிறைத்தீவில், அங்கே காவல் காத்தவர்களும் கைதியாக இருந்தவர்களும் தங்கள் குரலிலேயே பேசும் ஒலிவழிகாட்டி வந்து பெரும் புகழ் பெற்றது. கருவி சிறிதாகிக்கொண்டே போனது, குரல் மேலும் மேலும் தெளிவானது. 'இதோ இங்கே பாருங்கள்' என்ற பாணி மட்டும் மாறவில்லை.

ஒலிச்சித்திரமும் ஒரு நண்பரும்

இந்தக் குறை என்ன என்று நம் தலைமுறைக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம். ஒலிச்சித்திரம்! ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் சினிமாவின் வசனத்தையும் பாட்டையும் போடுவார்கள். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். சிவாஜி வசனம் பேசும்வரை கவலை இல்லை. திடீரென்று பேச்சு நிற்கும், பின்னணி இசை மட்டும் ஏறி இறங்கும், ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்கும், யாரோ ஒரு பெண் 'ஐயோ' என்பாள். என்ன நடந்தது? படத்தை ஏற்கெனவே கொட்டகையில் பார்த்த அக்காவிடம்தான் கேட்க வேண்டும். 'அவன் கடிதத்தைப் படிச்சுட்டான்டா' என்று அக்கா சொன்னதும் கதை மறுபடி ஓடத் தொடங்கும். அந்த அக்கா சொன்ன ஒற்றை வரிதான் ஒலிவழிகாட்டிகளில் இல்லாமல் இருந்தது.

கிரிக்கெட் வர்ணனையில் அது இருந்தது. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது, தமிழ் வர்ணனையாளர் பந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் துரத்துகிறார் என்று சொல்லிக்கொண்டே போவார். மைதானத்தையே காணாதவன் வீட்டில் உட்கார்ந்து நான்கு ரன்னுக்குக் கைதட்டினான்.

என்னோடு அலுவலகத்தில் முப்பது வருஷம் பக்கத்து மேஜையில் இருந்த நண்பருக்கு, ஓய்வு பெற்ற சில வருஷங்களில் கிளாக்கோமாவால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. சிற்பங்களில் அவருக்குத் தீராத பித்து. ஒருமுறை ஒரு பெரிய நகரத்து அருங்காட்சியகத்துக்கு இருவரும் போனோம். அவருக்கு ஒலிவழிகாட்டி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வெண்கலச் சிலையின் முன்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"என்னப்பா இது? எந்த வருஷம்ங்கிறான், எந்த ராஜாங்கிறான், எந்த ஊர்ல தோண்டி எடுத்தாங்கங்கிறான். சிலையோட கை எங்க இருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறானே?" என்றார்.

நான் சொன்னேன். வலது முன்கை அபயம், பின்கையில் மழு, இடுப்பு கொஞ்சம் வலப்பக்கம் ஒடிந்திருக்கிறது, உயரம் உங்கள் முழங்கை அளவுதான். "ம்... இப்ப தெரியுது" என்றார். அவர் முகத்தில் வந்த மாற்றத்துக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வாஷிங்டனில் ஒரு பெண்மணி

காட்சியை வார்த்தையாக்குவதை ஒரு கலையாக, ஒழுங்கான பயிற்சியாக வளர்த்தவர்கள் அமெரிக்காவில் இரண்டு இடத்தில் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தோன்றினார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் கிரிகரி ஃபிரேசியர் என்பவர் பார்வையற்ற நண்பரோடு டி.வி.யில் 'ஹை நூன்' என்ற கௌபாய் படம் பார்த்தார். நடப்பதைச் சொல்லிக்கொண்டே வரும்படி நண்பர் கேட்க, இவர் சொன்னார். அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. 1975-ல் அதையே தன் முதுகலை ஆய்வுக்குப் பொருளாக்கினார்.

இன்னொருவர் வாஷிங்டனில் மார்கரெட் ராக்வெல். விழித்திரை நோயால் பார்வையை இழந்தவர். செய்தித்தாளையும் புத்தகத்தையும் பார்வையற்றோருக்கு வானொலியில் படித்துக்காட்டும் 'வாஷிங்டன் இயர்' என்ற அமைப்பை 1974-ல் தொடங்கினார். பெயரே 'வாஷிங்டனின் காது' என்றுதான். 1981-ல் அந்த நகரத்து அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கோடு சேர்ந்து, பெர்னார்ட் ஷாவின் 'மேஜர் பார்பரா' நாடகத்துக்குக் காட்சி வர்ணனை ஏற்பாடு செய்தார். அரங்கத்தின் ஒரு மூலையில் வர்ணனையாளர் உட்கார்ந்திருப்பார். வசனத்துக்கு வசனம் இடையில் கிடைக்கும் சில நொடிகளில், யார் உள்ளே வந்தார், யார் யாரை முறைத்தார் என்று தாழ்ந்த குரலில் சொல்வார். பார்வையற்ற ரசிகர் காதில் இருக்கும் சின்னக் கருவிக்கு மட்டும் அது கேட்கும். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தொந்தரவு இல்லை. இந்த வேலையில் அவருக்குத் துணையாக நின்றவர் கோடி ஃபான்ஸ்டீல். பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். வர்ணனையாளர்களுக்குப் பயிற்சி தரும் முறையையும் அவர்கள்தான் உருவாக்கினார்கள்.

அவர்களது முதல் விதி சுருக்கமானது. கண்ணில் படுவதைச் சொல், உன் கருத்தைச் சொல்லாதே. 'அவள் சோகமாக இருக்கிறாள்' என்பது உன் தீர்ப்பு. 'தலை குனிந்திருக்கிறது, கை மடியில் கிடக்கிறது' என்றால் கேட்பவரே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார். பார்வை இழந்தவருக்குக் கண்தான் இல்லை, புத்தி முழுசாக இருக்கிறது என்ற மரியாதை அந்த விதிக்குள் இருக்கிறது.

சுதந்திர தேவி சிலை

நாடக அரங்கிலிருந்து இந்தக் கலை அருங்காட்சியகத்துக்கும் நினைவுச் சின்னத்துக்கும் வந்தது. நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலை 1886-ல் நிறுவப்பட்டது. அதன் நூற்றாண்டு 1986-ல் வந்தபோது வாஷிங்டன் இயர் குழுவினர் அங்கே வரும் பார்வையற்றோருக்காக வர்ணனை ஒலிநாடா தயாரித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் முதல் ஒலிவழிகாட்டி வந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சிலைக்குச் சாதாரண ஒலிவழிகாட்டி என்ன சொல்லும்? பிரெஞ்சு மக்கள் தந்த பரிசு, பார்தோல்டி வடித்தார், உள்கூட்டை அமைத்தவர் பாரிஸ் கோபுரம் கட்டிய ஐஃபெல் என்று சொல்லும். நல்ல தகவல்தான். ஆனால் காட்சி வர்ணனை எப்படி இருக்கும் என்பதற்கு நானே தமிழில் ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்:

ஒரு பெண் நிற்கிறாள். பாதத்திலிருந்து தீவட்டியின் நுனிவரை 46 மீட்டர், பதினைந்து மாடிக் கட்டடம் அளவு. அவளைத் தாங்கும் பீடமும் ஏறக்குறைய அதே உயரம். வலது கை தலைக்கு மேல் நேராக உயர்ந்து தீவட்டியைப் பிடித்திருக்கிறது. இடது கை ஒரு பலகையை உடம்போடு அணைத்திருக்கிறது. தலையில் கிரீடம், அதிலிருந்து சூரியனைப்போல ஏழு கதிர்கள் கிளம்புகின்றன. தோளிலிருந்து பாதம்வரை மடிப்பு மடிப்பாக அங்கி தொங்குகிறது. வலது குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கிறது, அதாவது அவள் நின்றுகொண்டிருக்கவில்லை, நடக்கிறாள். காலடியில் அறுந்த சங்கிலி கிடக்கிறது. உடம்பு முழுவதும் செம்புத் தகடு. கடற்காற்றும் மழையும் பட்டு, புளி போட்டுத் தேய்க்காத பழைய செம்புக் குடத்தில் படியும் களிம்புபோல வெளிர்பச்சையாக இருக்கிறது.

அந்தக் குதிகாலையும் சங்கிலியையும் சேர்த்துப் பாருங்கள். விடுதலை பெற்றவள் அடி எடுத்து வைக்கிறாள் என்பதுதான் சிலையின் பொருளே. கண் இருப்பவர்களிலும் எத்தனை பேர் அதைக் கவனிக்கிறார்கள்? கீழே இருந்து பார்த்தால் சங்கிலி தெரிவதும் இல்லை. பார்வையற்றவருக்காகச் செய்யும் வர்ணனை பார்வை உள்ளவரையும் பார்க்கவைக்கிறது. அருங்காட்சியகக்காரர்கள் மெல்ல மெல்ல இதை உணர்ந்தார்கள்.

நிறத்தைச் சொல்வதில் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. பயன் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் அல்ல. பலருக்கு ஓரளவு பார்வை மிச்சம் இருக்கும். மற்றவர்களில் பலருக்கு நிறத்தின் ஞாபகம் இருக்கும். அறுபது வயதுவரை பார்த்த பச்சை எழுபதில் மறந்தா போகும்?

எண்ணை யார் படிப்பது?

வர்ணனை வந்தும் தொல்லை தீரவில்லை. 1990-களில் டிஜிட்டல் கருவி வந்தது. வேண்டிய எண்ணை அழுத்தி, வேண்டிய பேச்சை வேண்டிய நேரத்தில் கேட்கலாம். வெர்மீர் கண்காட்சியின் டிரில் பீரியட் ஒழிந்தது. ஆனால் அந்த எண் சுவரில் அல்லவா எழுதியிருக்கிறது? பார்வையற்றவர் முதலில் சுவரைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு எண்ணைப் படிக்க வேண்டும்!

இதற்கான தீர்வின் விதை, சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆராய்ச்சி நிலையத்தில் 1979-லேயே முளைத்திருந்தது. 'பேசும் பலகை' என்று அதற்குப் பெயர். வாசலிலோ லிஃப்ட் பக்கத்திலோ இருக்கும் பலகை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கையில் உள்ள கருவியை அந்தத் திசைக்கு நீட்டினால் மட்டும் குரல் தெளிவாகக் கேட்கும். நம் வீட்டு டி.வி. ரிமோட்டின் அதே தத்துவம். குரல் எந்தப் பக்கம் தெளிவோ அந்தப் பக்கம் நடந்தால் இடம் வந்துவிடும்.

2009-ல் ஐபோனில் 'வாய்ஸ் ஓவர்' என்ற வசதி வந்தது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போனே வாய்விட்டுச் சொல்லும். பித்தான் இல்லாத வழவழப்பான கண்ணாடி, பார்வையற்றோருக்குப் பயன்படும் கருவியாகிவிட்டது. அதன்பின் அருங்காட்சியகங்கள் தனிக் கருவி வாங்கி வாடகைக்கு விட வேண்டிய அவசியம் குறைந்தது. பார்வையாளர் தன் பையிலேயே கருவியைக் கொண்டுவருகிறார்.

2016-ல் பிட்ஸ்பர்கில் ஆண்டி வார்ஹால் அருங்காட்சியகம் 'அவுட் லவுட்' என்ற ஒலிவழிகாட்டியை வெளியிட்டது. கூடத்தில் ஆங்காங்கே புளூடூத் அலை அனுப்பும் சின்ன வில்லைகளை ஒட்டி வைத்தார்கள். ஒருவர் ஓவியத்தின் அருகே வந்ததும், அந்த அலையைப் பிடித்து, போன் அதற்குரிய பேச்சை எடுத்துத் தருகிறது. எண் தேட வேண்டாம். சில படங்களின் மேடுபள்ள நகலும் பக்கத்தில் இருக்கிறது, காதில் வர்ணனை ஓட விரலால் தடவிப் பார்க்கலாம். சண்டர்லாந்தில் 1913-ல் நடந்ததும் வாஷிங்டனில் 1981-ல் நடந்ததும் இங்கே ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இதைத் திட்டமிட்ட காலத்திலேயே பார்வையற்றோரைக் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டார்கள். பார்வை இருப்பவர்களுக்கும் அதே செயலிதான், தனி வரிசை கிடையாது.

ஹவாயிலும் டில்லியிலும்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குப் போனால் கையில் ஒரு மடிப்புத் தாள் தருவார்கள். வரைபடம், புகைப்படம், சிறு கட்டுரை எல்லாம் அதில் இருக்கும். அழகான அச்சு. பார்வையற்றவருக்கு அது வெறும் காகிதம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பிரெட் ஒப்பிகார்ட் என்ற பேராசிரியர், பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து 2014 முதல் அந்தத் தாள்களுக்கு ஒலி வர்ணனை உருவாக்கும் திட்டத்தை நடத்தி வருகிறார். வர்ணனை எழுதுவதை ஒரு போட்டியாகவே நடத்துகிறார்கள். பூங்கா ஊழியர்கள் குழு குழுவாக எழுதுவார்கள், குழுவில் பார்வையற்றவர்களும் இருப்பார்கள். கேட்டுவிட்டு 'புரியவில்லை' என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

இந்தியாவிலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 'அனுபவ்' என்ற பெயரில் தொட்டு உணரும் கூடம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் உள்ள சிலைகள் முதலியவற்றின் நகல்கள், பிரெயில் குறிப்பு, ஒலிவழிகாட்டி மூன்றும் சேர்ந்தது. பார்வையற்றோருக்கான நூல்களை நாடுகளுக்கிடையே பகிர வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கலையும் பண்பாடும் அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியாயிற்று. ஒவ்வொரு ஊர்க் காட்சிக்கூடத்திலும் அது ஒரு குரலாக ஒலிக்க வேண்டும்.

நமக்கு என்ன அக்கறை?

ஆரம்பத்தில் சொன்ன சொந்த அக்கறைக்கு வருகிறேன். பார்வை இழப்பு நம் வயதின் விருந்தாளி. கண்புரைக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது, சர்க்கரை நோயும் கிளாக்கோமாவும் சத்தமில்லாமல் வந்து பறித்துக்கொள்வது அப்படித் திரும்புவதில்லை. அப்போது நம்மில் யாரும் பிரெயில் கற்றுக்கொள்ளப் போவதில்லை, ஃபிரேசரின் சிப்பாய்களைப்போலத்தான் இருப்போம். காது ஒன்றுதான் வழி. எனவே இந்த வசதி பிறருக்குச் செய்யும் தர்மம் என்று நினைக்க வேண்டாம். நமக்கு நாமே போட்டு வைக்கும் வைப்புநிதி.

கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பார்வை மங்கிய அக்காவையோ அத்திம்பேரையோ கோயிலுக்கோ காட்சிக்கூடத்துக்கோ அழைத்துப் போகும்போது, வர்ணனையாளர்கள் கடைப்பிடிக்கும் முறையை நாமும் பின்பற்றலாம். நண்பரோடு போகும்போது நான் செய்வது இதுதான்.

முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள். அது சிலையா, தூணா, ஓவியமா, எவ்வளவு பெரியது? அளவை அடிக்கணக்கில் சொல்வதைவிட 'உங்கள் தோள் உயரம்' என்று சொல்வது சட்டென்று பிடிபடும்.

பிறகு ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழ், அல்லது இடமிருந்து வலம். தலையில் ஆரம்பித்துக் காலுக்குத் தாவி மறுபடி கழுத்துக்கு வந்தால் கேட்பவர் தொலைந்துபோவார்.

நிறத்தை விடாதீர்கள். 'அழகாக இருக்கிறது' என்று சொல்லி நிறுத்தாதீர்கள், எது அழகு என்று சொல்லுங்கள். நடுநடுவே நிறுத்துங்கள், அவர் கேள்வி கேட்கட்டும். தொட அனுமதி உள்ள இடமென்றால் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் கையின்மேல் அவர் கையை வைக்கச் சொல்லி, மெதுவாகக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. 'பி மை ஐஸ்' என்று ஒரு இலவசச் செயலி 2015-ல் டென்மார்க்கில் தொடங்கியது. பார்வையற்றவர் போன் கேமராவை நீட்டினால், உலகத்தில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்துச் சொல்வார். 2023 முதல் அதில் கணினியே படத்தைப் பார்த்து விவரிக்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது. கணினி சில சமயம் இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும், அதனால் மருந்துச் சீட்டுக்கும் பணத்துக்கும் மனிதக் கண்ணையே நம்புங்கள். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் போனில் போட்டுத் தருவார்கள்.

அடுத்தமுறை எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், உங்களுக்கு இப்போது தேவை இல்லாவிட்டாலும், பார்வையற்றவர்களுக்கான வர்ணனைப் பதிவு இருக்கிறதா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், வெளியே வரும்போது பார்வையாளர் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். என் நண்பர் போகிற இடமெல்லாம் அப்படித்தான் செய்கிறார். அவர் சொல்ல, நான் எழுதுகிறேன்.